வேளாங்கண்ணிப் படம் திறக்கவில்லை

உயிரே போனாலும் ராய்ச்சூருக்குப் போவதில்லை என்று பெர்னார்ட் தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த இடம் குளியலறை. அவருடைய தீர்மானங்கள் எல்லாம் அங்கேதான் நிறைவேறும். அந்த வீட்டில் அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம் அது.

1998ஆம் வருஷம். மைசூர் ஹெப்பாளில் பம்புசெட் செய்கிற ஒரு கம்பெனியில் பெர்னார்ட் ஹெட் கிளார்க். இருபத்துமூன்று வருஷமாக ஒரே மேஜை, ஒரே நாற்காலி, ஒரே மின்விசிறி. விசிறி நடுவில் ஒரு தடவை கழன்று விழுந்தது. அதற்கும் அவர் இடம் மாறவில்லை. அப்படிப்பட்டவருக்கு, கம்பெனியில் இன்னும் சிலரோடு சேர்த்து, திடீரென்று பிரமோஷன் வந்தது. அசிஸ்டென்ட் மேனேஜர். ஆனால் ராய்ச்சூர் கிளையில். சம்மதம் உள்ளவர்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குள் எழுதித் தர வேண்டும். சம்மதம் இல்லாதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். காரணம் மேனேஜருக்குப் பிடிக்காவிட்டால் அவர்களும் மூட்டை கட்ட வேண்டும்.

ராய்ச்சூரில் கோழி முட்டை போடுவதில்லை, நேராக ஆம்லெட்தான் போடுகிறது என்று கான்டீனில் சொன்னார்கள். பெர்னார்ட் வெயிலுக்குப் பயப்படுகிறவர் இல்லை. அவர் பயம் வேறு. மனைவி ஜோவிதா ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் சிஸ்டர். அவள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. மகள் பெங்களூரில் ஹாஸ்டலில். ஆக, போனால் தனியாகப் போக வேண்டும். தனியாக என்றால், காலையில் உலுக்கி எழுப்ப ஆளில்லை. துண்டு எங்கே என்று கத்தினால் பதில் வராது. இதை எல்லாம் மீசை வைத்த மனுஷன் எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்வது?

மேனேஜரை விடுங்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது? பிரமோஷன் என்றதும் ஜோவிதா கேக் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் பதினாலு பெண்களிடம், "எங்க வீட்டுக்காரர் இனிமே அசிஸ்டென்ட் மேனேஜர்" என்றாள். பெர்னார்ட் எண்ணிக்கொண்டே நின்றார். பதினாலு முகத்திலும் பொறாமை. அதற்குப் பிறகு, "நான் போகல ஜோவி" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

ஆகவே இரகசியமாகக் காரணம் எழுதிக் கொடுத்துவிடுவது. கம்பெனியே மாற்றலை ரத்து செய்துவிட்டது என்று வீட்டில் சொல்லி நாலு பெருமூச்சு விடுவது. இதுதான் திட்டம்.

திட்டத்துக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. ஆங்கிலம் பக்கத்து வீட்டில் இருந்தது. சென்னப்பன், கொள்ளேகாலத்துக்காரர், கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். முப்பது வருஷம் தீர்ப்பு நகல் எழுதியதில், அவர் காபி கேட்டாலே மனுதாரர் கேட்பதுபோல இருக்கும். அடுத்த சனிக்கிழமை ஜோவிதாவுக்கு மத்தியான டியூட்டி. அவள் போனதும் பெர்னார்ட் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார். மகளின் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர். மகள் போன பிறகு அதில் ஜோவிதா சீட்டாடுவாள். பெர்னார்ட் அதன் தூசியைத் துடைப்பார்.

"காரணம் என்னுங்க போடறது?" என்றார் சென்னப்பன்.

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"சம்சாரத்துக்கு ஒடம்பு செரியில்லீன்னு போட்டுரலாமுங்க. கோர்ட்டுல அதுக்கு மேல ஒரு காரணம் நான் பாத்ததில்லீங்க."

பெர்னார்டுக்குக் கொஞ்சம் திக்கென்றது. ஜோவிதா ஐந்தடி ஏழு அங்குலம். ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோன நாட்களில் நாலு மாடி ஏறி, மேலே போய் மற்றவர்களுக்கு மூச்சு வாங்குகிறதா என்று பார்ப்பவள்.

"என்ன உடம்பு?"

"மூச்சிரைப்பு, தலைசுத்தல், மூட்டுவாதம். மூணையும் போட்டுருங்க. ஒண்ணு போனாலும் ரெண்டு நிக்கோணும்."

சென்னப்பன் சொல்லச் சொல்ல பெர்னார்ட் ஒற்றை விரலால் தட்டினார். மூன்று மணி நேரம். மூன்று பக்கம். 'மேற்படி மனைவியானவள் கடந்த பதினோரு ஆண்டுகளாகப் பிறர் துணையின்றி ஒரு படிகூட ஏற இயலாதவளாய்' என்பது போல ஆங்கிலத்தில் ஓடியது. அச்செடுக்கலாம் என்று பார்த்தால் பிரிண்டரில் ரிப்பன் காய்ந்து கிடந்தது. சென்னப்பன் திங்கட்கிழமை மகள் வீட்டுக்குச் சாமராஜநகர் போகிறவர், "கடுதாசி பத்திரமுங்க, சம்சாரம் கண்ணுல பட்டா நான் சாட்சி சொல்ல வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கண்ணில் படாமல் வைப்பது எப்படி? பெர்னார்ட் நேராக சரஸ்வதிபுரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிற மாதேவியிடம் அவர் ஆறு நாள் பாடம் படித்திருந்தார். அந்தப் பெண் கன்னடமும் தமிழும் கலந்து பேசும்.

"ஒரு கடிதம். யார் திறந்தாலும் கடிதம்னு தெரியக் கூடாதும்மா."

"அது சுலபா சார். கம்ப்யூட்டருக்கு ஓதோக்கே பரல்ல. படிக்கவே தெரியாது. டபுள் கிளிக் பண்ணினா அது ஃபைலோட வாலை மட்டும் பார்க்கும்."

"வாலா?"

"பேருக்குப் பின்னாடி ஒரு புள்ளி, அப்புறம் மூணு எழுத்து. அதுதான் வால். உள்ளே ஒரு ரிஜிஸ்டர் வெச்சிருக்கு. டி.ஓ.சி. வால் வந்தா கடிதம் அடிக்கற வேர்டைக் கூப்பிடு. பி.எம்.பி. வால் வந்தா படம் போடற பெயிண்டைக் கூப்பிடு. அஷ்டே. அவ்ளோதான்."

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காதா?"

"இல்ல சார். மாட்டுக்குக் குதிரை வாலை ஒட்டி விட்டீங்கன்னா, அது குதிரை டாக்டரைக் கூப்பிடும். டாக்டர் வந்து பார்த்து, இது குதிரையே இல்லன்னு போயிடுவார்."

"மாடு?"

"மாடு மாடாத்தான் சார் இருக்கும். பழைய வாலை ஒட்டினா மறுபடி பால் கறக்கலாம்."

பெர்னார்டுக்குப் புல்லரித்தது. வால்கள் சாதாரணமாக மறைந்தே இருக்கும் என்பதையும், 'வியூ' என்ற இடத்தில் போய் ஒரு டிக்கை எடுத்தால் வெளியே தெரியும் என்பதையும் மாதேவி காட்டிக் கொடுத்தாள். அவர் வீடு திரும்பி அப்படியே செய்தார். வால் தெரிந்தது. கடிதத்துக்கு 'வேளாங்கண்ணி' என்று பெயர் சூட்டி, டி.ஓ.சி.யை வெட்டி பி.எம்.பி.யை ஒட்டினார். வாலை மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம், நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கல்யாணத்தன்று சாமியார் கேட்டபோதுகூட அவர் இவ்வளவு உறுதியாகச் சம்மதம் சொல்லவில்லை. பிறகு ஒரு படி மேலே போனார். ஜோவிதாவின் கண்ணில் வாலே படக் கூடாது என்று அந்த டிக்கைத் திரும்பப் போட்டு வைத்தார். திரையில் வெறும் 'வேளாங்கண்ணி'. பக்கத்தில் பெயிண்டின் சின்னம். மாதா படம் என்றே யாரும் நினைப்பார்கள்.

மறுநாள் சாயங்காலமே பரீட்சை வந்தது. சீட்டாட உட்கார்ந்த ஜோவிதா கூப்பிட்டாள்.

"ஏங்க, இதுல வேளாங்கண்ணின்னு ஒண்ணு இருக்கே, என்னது?"

பெர்னார்ட் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "படம். மாதா படம்."

"தொறந்தா, இது படமே இல்லைன்னு சொல்லுதே."

"கெட்டுப்போயிருக்கும்."

"மாதா படமா கெட்டுப்போச்சு? அடடா." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "அழிச்சிடட்டா?"

"ஐயோ, வேண்டாம்!" செய்தித்தாள் கிழிந்தது. "பாவம் ஜோவி. மாதாவை அழிக்கிறதா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் சீட்டைக் கலைத்தாள். பெர்னார்டின் நெஞ்சு பத்து நிமிஷம் பம்புசெட் போல அடித்து, அப்புறம் நிதானித்தது. அன்றைக்கு அவர் இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை ரிப்பன் வாங்கிப் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ஜோவிதாவுக்குக் காலை டியூட்டி, ஆறரைக்குப் போய்விடுவாள். ஏழுக்கு அச்செடுத்து, எட்டரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, ஒன்பதுக்கு மேனேஜர் மேஜையில் வைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவர் கண் விழித்தபோது அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ போகலையா?"

"இன்னிக்கு ஆஃப் மாத்திக்கிட்டேன். எதுக்கு இப்படி முழிக்கறீங்க?"

"சும்மாதான்." கிரைண்டர் சத்தம் நல்லதுக்குத்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டார். 'வேளாங்கண்ணி' வந்தாள். அவள் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து டி.ஓ.சி. என்று அடித்தார். டபுள் கிளிக். பெயிண்ட் வந்தது. 'இது படம் அல்ல.'

அடித்ததில் தப்போ என்று பின்னால் இன்னொரு டி.ஓ.சி. சேர்த்தார். பெயிண்ட்தான் வந்தது. மூன்றாவதும் சேர்த்தார். இப்போது அனுமார் அளவுக்கு வால் நீண்டிருந்தது. அப்போதும் பெயிண்ட் வந்து, 'இது படம் அல்ல' என்று பொறுமையாகச் சொன்னது. அவர் ஒட்டிய வால்களுக்கெல்லாம் பின்னால், அவர் கையாலேயே மறைத்த பி.எம்.பி. கண்ணுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பது அவருக்கு நினைவில்லை. எந்த டிக், எந்த மெனு, எதுவும் நினைவில்லை.

மணி ஏழு ஐம்பது. மாதேவியின் வகுப்பு பத்து மணிக்குத்தான் திறக்கும். சென்னப்பன் சாமராஜநகரில். கையால் எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தார். 'ஐயா' என்பதற்கு மேல் ஓடவில்லை. அந்த ஆங்கிலம் அவருடையது இல்லையே! கண் முன்னால் ராய்ச்சூர் ஸ்டேஷன் தெரிந்தது. ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், ஒரு பெர்னார்ட்.

கிரைண்டர் நின்றது.

"என்னங்க, வேர்த்து ஊத்துது?" ஜோவிதா நாடி பார்க்கிற தூரத்தில் நின்றாள்.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் கடிதம். திறக்க மாட்டேங்குது."

"எங்கே இருக்கு?"

அவர் விரல் வேளாங்கண்ணியைக் காட்டியது.

"இது மாதா படம்னீங்க?"

"மாதா... மாதாந்திரக் கடிதம்."

ஜோவிதா அவரை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேளாங்கண்ணியைத் தொடவே இல்லை. முதலில் வேர்டைத் திறந்தாள். அதற்குள்ளிருந்து 'ஓப்பன்' போனாள். எல்லா ஃபைலையும் காட்டு என்றாள். அனுமார் வாலோடு அது பட்டியலில் வந்தது. ஒரு தட்டு. மூன்று பக்கமும் ஒரு எழுத்துக் குறையாமல் வந்து நின்றன.

"படிக்காதே!" என்று பெர்னார்ட் இரண்டு கையாலும் திரையை மறைத்தார்.

"ஆபீஸ் கடிதத்தை நான் எதுக்குப் படிக்கறேன்?" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மணி எட்டே கால். நீங்க இன்னும் பல்லே தேய்க்கல. போய்க் குளிச்சிட்டு வாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டே பிரிண்ட் போட்டு வைக்கறேன்."

வேறு வழி? காதில் பிரிண்டர் கரகரக்க அவர் குளித்தார். ஒரு தடவை குளிக்கிற சோப்புக்குப் பதில் துணி துவைக்கிற சோப்பைப் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது கடிதம் மூன்றாக மடிந்து, உறைக்குள் போய், ஒட்டியும் ஆயிருந்தது. கையெழுத்து போட வேண்டிய கடைசித் தாளின் அடிப்பாகத்தை மட்டும் முன்கூட்டியே அவர் குளியலறைக் கதவிடுக்கில் நீட்டச் சொல்லி, ஈரக்கையால் போட்டிருந்தார். அவள் முகத்தில் ஒரு கோணலும் இல்லை. படிக்கவில்லை! பெர்னார்ட் பஸ்ஸுக்கு ஓடினார். இவ்வளவு நேர்மையான பெண்டாட்டியைப் பற்றி மூட்டுவாதம் என்று எழுதினோமே என்று வழியெல்லாம் வருத்தமாக இருந்தது.

பதினொன்றரைக்கு மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் பத்துக் கடிதங்கள்.

"உட்காருங்க, பெர்னார்ட்" என்றார் கன்னடத்தில். "போக மாட்டேன்னு பத்துப் பேர் எழுதியிருக்கீங்க. ஒன்பது பேரோட மனைவிக்கும் மூச்சிரைப்பு. ஒன்பதாவது கடிதம் படிக்கிறப்ப எனக்கே இரைச்சுது. ஒன்பது பேருக்கும் பொய் சொன்னதுக்கு மெமோ அடிக்கச் சொல்லியிருக்கேன்."

பெர்னார்டின் காலடியில் தரை கொஞ்சம் விலகியது.

"என் அம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு மூணு வாரமா ஆஸ்பத்திரியில. பெண்கள் வார்டு. அங்கே ஒரு சிஸ்டர். அம்மாவை ஒரே ஆளாத் தூக்கி நாற்காலியில உட்கார வைப்பாங்க. பேரு தெரியுமா? ஜோவிதா பெர்னார்ட்."

தரை முழுவதும் போய்விட்டது. ஜோவிதா இதை வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பாள்? சொல்லியிருப்பாள். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்திருப்பார்.

"பத்தாவது கடிதம் உங்களோடது" என்று மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "படிக்கிறேன், கேளுங்க."

"வேண்டாம் சார்..."

"'ஐயா, என் மனைவி கல்லுப்போல ஆரோக்கியமாக இருக்கிறாள். குறை என்னிடம்தான். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். ஆனால் அடுப்பை அணைக்க மறந்துவிடுவேன். பனியனுக்கு முன்பக்கம் எது என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு நைட் டியூட்டி வருகிற நாட்களில் ஹால் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். இது அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை ராய்ச்சூருக்கு அனுப்பினால் கம்பெனிக்கு ஒரு அசிஸ்டென்ட் மேனேஜர் கிடைக்க மாட்டார், ஒரு நோயாளிதான் கிடைப்பார். பிரமோஷன் வேண்டாம். என் மனைவி இருக்கிற ஊரில் இருக்க விடுங்கள்.'"

பெர்னார்டுக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனால் அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் இத்தனை நாளாகச் சொல்லத் தெரியாமல் தவித்தது அத்தனையும் அதில் இருந்தது.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷத்துல எனக்கு வந்த ஒரே உண்மையான காரணம். போங்க. இங்கேயே இருங்க. ராய்ச்சூருக்கு ஒன்பது பேர் இருக்காங்க."

பெர்னார்ட் வெளியே வந்து குடிநீர்ப் பானையிலிருந்து நாலு டம்ளர் தண்ணீர் குடித்தார். ராய்ச்சூர் இல்லை. மெமோ இல்லை. இருபத்துமூன்று வருஷமாகப் பார்த்த அதே விசிறி தலைக்கு மேலே சுழன்றது. அதைப் போல அழகான பொருளை அவர் பார்த்ததில்லை.

சாயங்காலம் சுடச்சுட மத்தூர் வடை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஜோவிதா கம்ப்யூட்டரில் சீட்டாடிக்கொண்டிருந்தாள்.

"எப்ப படிச்ச?" என்றார் செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"ஞாயித்துக்கிழமை. நீங்க அந்தக் கூடுதல் சப்பாத்தியைச் சாப்பிடறப்ப."

"அதான் திறக்கலையே! வால் மாத்தியிருந்தேனே!"

"வாசல்ல நின்னு கூப்பிட்டா அது வாலைப் பார்த்து ஆளை அனுப்பும். வேர்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டு இதைத் தொறன்னா, உள்ளே இருக்கிறதைப் பார்த்துத் தொறந்துடும். வார்டுல டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாம் ஒரு வருஷமா யார் அடிக்கறது? நான்தான். நீங்க கேட்டாத்தானே!" அவள் ஒரு வடையை எடுத்தாள். "எனக்கு மூட்டுவாதமா?"

"சென்னப்பன் சொன்னது ஜோவி, மாதா மேல சத்தியமா."

"எந்த மாதா? பி.எம்.பி.யா?"

பெர்னார்ட் செருப்பைக் கழற்றினார். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உனக்கு நான் ராய்ச்சூர் போகணும்னு ஆசைன்னு நினைச்சேன். பதினாலு பேர்கிட்ட சொன்னியே."

"பிரமோஷன் வந்தது பெருமை, சொன்னேன். போகணும்னு யார் சொன்னா? நீங்க போயிட்டா நான் யார்கிட்டக் கத்தறது?"

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது உண்மையைத் தைரியமாக எழுதி ஜெயித்துவிட்டோம், எழுதியது அவளாக இருந்தால்தான் என்ன, கையெழுத்து நம்முடையதுதானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படியோ, அந்தக் கடிதத்தைப் படிச்சதும் மேனேஜர் உருகிட்டார் ஜோவி. ஒரே நிமிஷத்துல ரத்து பண்ணிட்டார்."

"ஒரே நிமிஷத்துலயா? அவரு அம்மாவைப் பார்க்க வந்தப்ப என்கிட்ட அரை மணி நேரம் பேசினாரே."

"எப்ப?"

"புதன்கிழமை. அப்பவே ரத்து பண்ணிட்டாரு."

பெர்னார்ட் கையில் வடை அப்படியே நின்றது. "அப்புறம் எதுக்கு அந்தக் கடிதம்?"

ஜோவிதா சீட்டு ஒன்றை இழுத்து வைத்தபடி சொன்னாள்:

"ஃபைல்ல போட ஒரு காகிதம் வேணும்னாருங்க."